பிள்ளை வேண்டுமென்றால் புருஷனும் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்



அம்பாங்கான் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம், வயது 33, பிள்ளை இல்லை. இந்த ஏழு வருஷத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்திருக்கிறார். கருப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தாயிற்று. வயிற்றில் துளை போட்டுக் குழாய் விட்டும் பார்த்தாயிற்று. ரத்தம் எத்தனை தடவை கொடுத்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. விரதமும் நேர்த்திக்கடனும் தனி. இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் ஐ.வி.எஃப். செய்துகொள்வதாக முடிவு செய்து, தாலிக்கொடி நீங்கலாக மற்ற நகையெல்லாம் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. அடுத்த மாதம் முன்பணம் கட்டவேண்டுமாம்.

கடிதத்தின் கடைசி இரண்டு வரியில்தான் விஷயம் இருக்கிறது. "ஐயா, இவருக்கு ஒரே ஒரு தடவைதான் டெஸ்ட் எடுத்தாங்க. அதுவும் நாலு வருஷத்துக்கு முந்தி, டெங்கி காய்ச்சல்ல படுத்து எழுந்த மறு மாசம். கொஞ்சம் குறைவுன்னாங்க. அதுக்கப்புறம் அவரு அந்தப் பக்கமே போகல. அது போதுமா, இல்ல மறுபடி எடுக்கணுமா?"

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: போதாது, மறுபடி எடுக்கவேண்டும். ஆனால் இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் பல உண்டு. தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் குடியேறியிருக்கிற நம் பிள்ளைகளிடமும் இதே கதைதான். ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதும் இதற்கே.

ஒன்றை முதலில் யோசித்துப் பாருங்கள். மலடி என்ற சொல் லயத்தில் எல்லார் வாயிலும் உண்டு. மலடன் என்ற சொல்லும் தமிழில் இருக்கத்தான் செய்கிறது. அதை யார் வாயிலாவது கேட்டிருக்கிறீர்களா? அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் என்று பழமொழி சொல்லும்போதும் மரத்தைச் சுற்றுகிறவள் பெண்தான். அவள் புருஷன் எங்கே போனான் என்று பழமொழி கேட்பதில்லை.

டாக்டர்கள் சொல்லும் கணக்கு வேறு. உலகத்தில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு சமயம் பிள்ளை உண்டாவதில் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. இப்படிச் சிக்கலுள்ள தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. சிலரிடம் ஆணிடம் மட்டும். பலரிடம் இருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம். பாதிக் காரணத்தைப் பார்க்காமல் மீதிப் பாதிக்கு வைத்தியம் பார்த்தால் பணமும் காலமும் என்ன ஆகும்?

ஆண்மை வேறு, உயிரணு வேறு

நம் ஆண்கள் டெஸ்டுக்கு வர மறுப்பதன் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. "எனக்கு என்ன குறை? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். நல்லாத்தான் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாம்பத்தியம் நன்றாக இருப்பதும், விந்தில் உயிரணு இருப்பதும் இரண்டு தனி விஷயங்கள். விந்து வெளிவருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதில் உயிரணு இருக்கிறது என்று அர்த்தமில்லை. உயிரணுவை மைக்ராஸ்கோப் வைத்துத்தான் பார்க்கமுடியும். ஒன்றுகூட இல்லாத விந்தும் பார்வைக்கு மற்ற விந்து மாதிரியேதான் இருக்கும்.

இதற்கு ஒரு சரித்திரச் சான்று இருக்கிறது. நம்மைப் போன்ற தொழிலாளர்களின் கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ரோப் என்ற ஊர். அங்கே ஆக்ஸிடென்டல் கம்பெனியின் மருந்துத் தொழிற்சாலை. வாழை, அன்னாசி போன்ற பயிர்களின் வேரைத் தின்னும் நூற்புழுவைக் கொல்வதற்கு டி.பி.சி.பி. என்ற மருந்தை அங்கே தயாரித்தார்கள். 1977-ல் அந்தப் பகுதியில் வேலை செய்த ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நம்மில் யாருக்குமே கொஞ்ச வருஷமாகப் பிள்ளை பிறக்கவில்லையே, அது ஏன்? எல்லாரும் திடகாத்திரமான ஆட்கள். வியாதி வெக்கை என்று படுத்தவர்கள் இல்லை. ஒருவர் இரண்டு பேர் என்றால் விதி என்று விட்டிருப்பார்கள். ஒரே ஷெட்டில் வேலை செய்யும் இத்தனை பேருக்குமா?

சங்கத்தில் சொன்னார்கள். விந்து பரிசோதனை நடந்தது. டாக்டர் டொனால்ட் வோர்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்ளாத 25 பேரைப் பரிசோதித்து, முடிவை அதே 1977-ல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். 25 பேரில் 14 பேருக்கு உயிரணு மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. அதிக காலம் வேலை செய்தவனுக்கு அதிகக் கேடு. வேலைக்கு வந்து சில மாதமே ஆனவர்கள் தப்பித்திருந்தார்கள். இதிலே நம் ஆண்கள் கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்த ஆட்களின் ரத்தத்தில் ஆண் ஹார்மோன் சரியான அளவில் இருந்தது. தாடி மீசை, பலம், தாம்பத்தியம் எதிலும் குறைவில்லை. அதனால்தான் அத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இந்த மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் விதைகள் சுருங்கிப்போயின என்று அதைத் தயாரித்த கம்பெனிகளின் ஆராய்ச்சியாளர்களே 1961-ல் எழுதி வைத்திருந்தார்கள். 16 வருஷம் அந்தத் தகவல் தொழிலாளியின் காதுக்கு வரவில்லை. அதைவிட வேடிக்கை, பீச் பழ விவசாயிகளின் அமைப்பு ஒன்று 1977 செப்டம்பரில் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதியது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருக்கும் வயதான ஆட்களை இந்த வேலைக்கு விட்டால் என்ன என்று அதில் யோசனை சொன்னார்கள்! மனிதனை எப்படிக் கணக்கிடுகிறார்கள் பாருங்கள்.

1979-ல் அமெரிக்காவில் அந்த மருந்தைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். ஹவாய் அன்னாசித் தோட்டங்களில் மட்டும் 1985 வரை இருந்தது. ஆனால் அதற்குள் கோஸ்டாரிகா, ஹோண்டுராஸ், நிக்கராகுவா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் வாழைத்தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் அதைக் கையாண்டுவிட்டார்கள். பிள்ளை இல்லாமல் போனவர்கள் கோர்ட் படி ஏறி, பல பத்து வருஷங்கள் வழக்கு நடத்தினார்கள். மருந்தை விட்டு விலகியபின் சிலருக்கு உயிரணு மெல்லத் திரும்பியது. அறவே நின்றுபோனவர்களில் பலருக்குத் திரும்பவில்லை.

இதைப் படித்துவிட்டு நம் செம்பனைக் காட்டில் அடிக்கும் மருந்தெல்லாம் இப்படித்தான் செய்யும் என்று பயந்துவிடவேண்டாம். டி.பி.சி.பி. போல அத்தனை தெளிவாக நிரூபிக்கப்பட்டவை மிகச் சில. பூச்சி மருந்துகளில் சிலவற்றை நீண்ட காலம் கையாண்டவர்களுக்கு உயிரணு குறைவதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நம் நாட்டில் மருந்தடிப்பு வேலையின் கேட்டைப் பற்றி தெனாகனித்தா அமைப்பு 2002-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது பலருக்கு ஞாபகமிருக்கும். அந்த வருஷமே பாராகுவாட்டைத் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்து, 2006-ல் மறுபடி விட்டுக்கொடுத்து, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. மருந்தடிக்கிற தோழர் செய்யவேண்டியது இதுதான். கையுறை, முகமூடி, பூட்ஸ் இல்லாமல் பம்பைத் தூக்காதீர்கள். வேலை முடிந்ததும் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையாதீர்கள். அந்த உடுப்பை மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. 1994-ம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்பு முதலாளியின் கடமை. என்ன மருந்து, அது என்ன செய்யும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. டாக்டரிடம் போகும்போது டின்னில் உள்ள பெயரை எழுதிக்கொண்டு போங்கள். "மருந்தடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.

மூன்று மாதக் கணக்கு

உயிரணு ஒரு நாளில் உண்டாகிற பொருளல்ல. விதைக்குள் ஓர் உயிரணு உருவாக ஏறக்குறைய 72 நாள். பிறகு குழாயில் தங்கி நீந்தப் பழகுவதற்கு மேலும் பத்துப் பன்னிரண்டு நாள். ஆக, இன்று வெளிவரும் உயிரணு மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியது. இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். இன்று சிகரெட்டை விட்டுவிட்டு அடுத்த வாரம் டெஸ்ட் எடுத்தால் பழைய சரக்குதான் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் வந்த கடுங்காய்ச்சல் இன்றைய டெஸ்டில் தெரியும்.

தங்கச்சி எழுதிய டெங்கி விஷயம் இங்கேதான் வருகிறது. விதைகள் உடம்புக்கு வெளியே பையில் தொங்குவது சும்மா இல்லை. உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். 39, 40 டிகிரி காய்ச்சல் நான்கு நாள் அடித்தால் உற்பத்தி தடைபடும். எண்ணிக்கை குறையும், ஓட்டம் குறையும். பிறகு இரண்டு மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். எனவே காய்ச்சலுக்கு மறு மாதம் எடுத்த டெஸ்டை வைத்து ஓர் ஆளின் நிலையை முடிவு செய்வது, வெள்ளம் வந்த மறுநாள் ஆற்றுத் தண்ணீரை மொண்டு பார்த்து ஆறே கலங்கல் என்று சொல்வது போலத்தான்.

செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் நாள் முழுதும் நிற்கிறவர்கள், வெயிலில் பல மணி நேரம் லாரி ஓட்டுகிறவர்கள் இந்தச் சூட்டு விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். வேலையை விடச் சொல்லவில்லை. இடையிடையே எழுந்து நடமாடுங்கள். இறுக்கமான உள்ளாடையைத் தவிருங்கள். வீட்டில் கைலி கட்டிக்கொள்வது நம் பாட்டன்மார் கண்ட நல்ல வைத்தியம்.

சிகரெட் உயிரணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கிறது. அது மட்டுமல்ல, அதன் தலைக்குள் இருக்கிற மரபுச் சரட்டையே அறுக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சம்சுவும் பீரும் அளவு மீறினால் ஆண் ஹார்மோனைக் கீழே இறக்கிவிடும். விசேஷத்துக்கு ஒரு கிளாஸ் குடித்தவனைப் பற்றிப் பேசவில்லை. தினமும் மாலை ஆனால் கடைக்குப் போகிறவனைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இந்தக் காலத்து வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பு ஏற்றுவதற்காக ஜிம்மில் ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, "இனி நீ வேலை செய்யவேண்டாம்" என்று விதைக்குக் கட்டளை போட்டுவிடும். தோள் பெருக்கும், உயிரணு நின்றுபோகும். ஊசியை விட்டபின் பலருக்குத் திரும்புகிறது, ஆனால் மாதக்கணக்கு ஆகும். சிலருக்கு வருஷக்கணக்கு. பிள்ளை வேண்டி டாக்டரிடம் போகிறவர் இதை மறைக்கவே கூடாது.

நீரிழிவு நம் சமூகத்தில்தான் அதிகம் என்று நாட்டின் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. சர்க்கரை கட்டுக்கடங்காமல் பல வருஷம் இருந்தால் நரம்பு கெட்டு, விந்து முன்னால் வருவதற்குப் பதிலாகப் பின்னால் மூத்திரப்பைக்குள் போய்விடுவதுண்டு. அந்த ஆளுக்கு விந்து கொஞ்சமாக வரும் அல்லது வரவே வராது. அதற்குப் பிறகு போகும் சிறுநீர் கலங்கலாக இருக்கும். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொன்னால் வழி இருக்கிறது. அந்தச் சிறுநீரிலிருந்தே உயிரணுவைப் பிரித்தெடுத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்தமுடியும்.

இன்னொன்று விதைப்பையில் நரம்பு புடைத்துக்கொள்வது. பெரும்பாலும் இடப்பக்கம். தொட்டால் பை நிறைய மண்புழு இருப்பது போல் இருக்கும் என்பார்கள். வலி இருக்காது, அதனால் ஆளுக்கே தெரியாது. 100 ஆண்களில் 15 பேருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பிள்ளை குட்டியோடு சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையில்லை என்று டாக்டரிடம் வரும் ஆண்களில் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. டெஸ்டிலும் குறை தெரிந்து, தொட்டாலும் புடைப்பு தெரிந்தால் சிறிய ஆபரேஷன் செய்வார்கள். பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் எண்ணிக்கை உயர்கிறது. டாக்டர் கையால் தொட்டுப் பார்க்காமல் இது எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஆளே நேரில் வரவேண்டும் என்பது. குப்பியை மட்டும் அனுப்பினால் போதாது.

வயது வந்தபின் பொன்னுக்குவீங்கி வந்து விதை வீங்கியவர்கள், சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தவர்கள், குடலிறக்க ஆபரேஷன் செய்தவர்கள், புற்றுநோய் மருந்து ஏற்றியவர்கள் அதையும் சொல்லவேண்டும்.

ஊசி திறக்கும் வாசல்

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுன்தான் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை. அதே வருஷம் அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த மனிதரை அப்போது யாரும் நம்பவில்லை. அது தனிச் சோகம். தென்னிந்தியாவில் 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் அதைச் சாதித்தார். நடிகர் ஜெமினி கணேசனின் மகள் என்றால் நம் பெரியவர்களுக்கு உடனே புரியும்.

லூயிஸின் தாய்க்குக் கருக்குழாய் அடைப்பு. அதைத் தாண்டுவதற்காகத்தான் அந்த முறையே உண்டானது. முட்டையையும் உயிரணுவையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்தால், உயிரணு தானாக நீந்திப்போய் முட்டையைத் துளைக்கவேண்டும். புருஷனின் உயிரணு பலவீனமாக இருந்தால் கிண்ணத்திலும் ஒன்றும் நடக்காது. 1992-ல்தான் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்து டாக்டர்கள் ஒரே ஓர் உயிரணுவை நுண்ணிய ஊசியில் எடுத்து நேரே முட்டைக்குள் செலுத்திப் பிள்ளை பிறக்கச் செய்தார்கள். இக்ஸி என்று அதைச் சொல்கிறார்கள். கோடிக்கணக்கில் வேண்டிய இடத்தில் முட்டைக்கு ஒன்று இருந்தால் போதும் என்றாயிற்று. விந்தில் ஒன்றுமே இல்லாதவருக்கும் வழி பிறந்தது. குழாய் அடைப்பினால் இல்லை என்றால் ஊசி போட்டு விதையிலிருந்தே எடுத்துவிடலாம். உற்பத்தியே குறைவு என்றால் ஆபரேஷன் செய்து தேடிப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா நான் எப்படி இருந்தா என்ன, ஊசி பார்த்துக்கும்" என்று நினைக்கவேண்டாம். ஊசி வாசலைத் திறந்துவிடும். உள்ளே போகிறவன் நல்லவனா என்று அது உத்தரவாதம் தராது. முட்டைக்குள் போன உயிரணுவின் மரபுச் சரடு அறுந்து கிடந்தால், கரு இரண்டு மூன்று நாள் வளர்ந்துவிட்டு நின்றுபோகலாம். தங்கினாலும் கலைந்துபோகலாம். சிகரெட், கடுங்காய்ச்சல், நரம்புப் புடைப்பு, கிருமித் தொற்று, 40-க்கு மேல் ஏறும் ஆணின் வயது ஆகியவை இந்தச் சரட்டைக் கெடுக்கக் கூடியவை. கொஞ்சம் கெட்டிருந்தால் முட்டையே அதைப் பழுதுபார்த்துக்கொள்ளும். ஆனால் பெண்ணுக்கு வயது ஏற ஏற முட்டைக்கும் அந்தச் சக்தி குறையும். சிகிச்சை பலிப்பதில் பெண்ணின் வயதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். நல்ல இடத்தில், 35 வயதுக்குள் உள்ள பெண்ணுக்கே ஒரு சுற்றில் பிள்ளை பிறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒன்று. புருஷன் டெஸ்டைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் மனைவியின் வயதிலிருந்துதான் கழிகிறது.

ஐ.வி.எஃப்.புக்கு முன்படி ஒன்றும் இருக்கிறது. விந்தைக் கழுவி, நன்றாக ஓடும் உயிரணுக்களைப் பிரித்து மெல்லிய குழாய் மூலம் கருப்பைக்குள் விடுவது. செலவு குறைவு. ஆனால் கழுவியபின் ஓடும் உயிரணு சில மில்லியனாவது மிஞ்சவேண்டும். அதற்குக் கீழே போனால் இது பலிப்பது கஷ்டம். எந்தப் படியில் தொடங்குவது என்பதையே புருஷனின் டெஸ்ட்தான் தீர்மானிக்கிறது.

டெஸ்ட் எப்படி?

வலி இல்லை, ஊசி இல்லை. 2 முதல் 7 நாள் வரை தாம்பத்தியம் இல்லாமல் இருந்துவிட்டு, அவர்கள் தரும் சுத்தமான குப்பியில் கையால் எடுத்துக் கொடுக்கவேண்டும். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொடுக்கவும் கூடாது. அவை உயிரணுவைக் கொன்றுவிடும். முதலில் வரும் துளிகளில்தான் உயிரணு அதிகம். அது கீழே சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணியில், லேபுக்குப் போய்ச் சேரவேண்டும்.

நான் டிரெஸராக இருந்த காலத்தில் ஒரு தோழர் தாம் வரக் கூச்சப்பட்டுக்கொண்டு குப்பியை மனைவியிடம் கொடுத்தனுப்பினார். அந்த அம்மா கெட்டுப்போகக்கூடாதே என்று ஐஸ்கட்டியோடு மீன் பையில் வைத்து, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் கொண்டுவந்தார். டெஸ்டில் ஒன்றுகூட அசையவில்லை. அந்த ஆள் ஒரு மாதம் யார் முகத்திலும் விழிக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியிலேயே எடுத்துப் பார்த்தபோது எல்லாம் சரி. சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் கொண்டுவந்திருந்தால் போதும்.

சீட்டில் வரும் எண்களைப் பார்த்து மிரளவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திய அளவுப்படி, விந்து 1.4 மில்லிலிட்டர், மொத்த உயிரணு 39 மில்லியன், அதில் 100-க்கு 42 அசைவது, 100-க்கு 4 நல்ல வடிவம். அவ்வளவுதான் கீழ் எல்லை. ஆம், 96 கோணல்மாணலாக இருந்தாலும் பாதகமில்லை! ஒரு டெஸ்டை வைத்து முடிவு கட்டவும் கூடாது. குறை தெரிந்தால் இடைவெளி விட்டு இன்னொரு முறை எடுத்துப் பார்க்கவேண்டும்.

ஆண்மை லேகியம், ஒரே மாதத்தில் பலன் என்று போனில் வரும் விளம்பரங்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அவற்றில் சிலவற்றில் சீட்டில் எழுதாத ஆங்கில மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இருதய நோயாளிக்கு அது உயிருக்கே ஆபத்து. கடையில் விற்கும் துத்தநாக, ஃபோலிக் அமில மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதைச் சாப்பிட்ட ஆண்களுக்கு உயிரணுவும் கூடவில்லை, பிள்ளைப்பேறும் கூடவில்லை. அந்தக் காசுக்குக் கீரையும் மீனும் வாங்கலாம்.

பணக் கணக்கு

தனியார் இடத்தில் ஒரு சுற்று ஐ.வி.எஃப். 15,000 வெள்ளிக்கு மேல் போவது சாதாரணம். 2025 பிப்ரவரியில் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் அது ஒன்பது மாத உழைப்பு. அரசாங்கக் கிளினிக்கில் ஆணின் டெஸ்டுக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்க ஒரு வெள்ளி. எதை முதலில் செய்வது என்று நீங்களே சொல்லுங்கள். அம்பாங்கான் வட்டாரத்தில் இருப்பவர்கள் பக்கத்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கணவன் மனைவி இருவருமாகப் போய்ப் பதிந்துகொண்டு, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்கலாம். எல்.பி.பி.கே.என். என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் பிள்ளையில்லாதவர்களுக்குச் சிகிச்சை தருகிறது. 1966-ல் பிள்ளையைக் குறைக்கச் சொல்வதற்காகத் தொடங்கிய வாரியம் அது. காலம் எப்படிச் சுற்றி வந்திருக்கிறது! ஈ.பி.எஃப்.பில் சுகாதாரச் செலவுக்கு எடுக்கும் பணத்தில் பிள்ளைப்பேற்றுச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. நகையை அடகு வைக்குமுன் ஈ.பி.எஃப். ஆபீசில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் உண்டாகாவிட்டால் போகலாம். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும்.

சரி, தங்கச்சி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் முன்பணம் கட்டவேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் கட்டுவதற்கு முன் உங்கள் வீட்டுக்காரருக்குப் புதிதாக ஒரு டெஸ்டும், டாக்டர் கையால் ஒரு பரிசோதனையும் நடக்கட்டும். குறைவு என்று வந்தால் இடைவெளி விட்டு இன்னொரு முறை எடுக்கட்டும். எல்லாம் சரியாக இருந்தால், உங்களுக்கு ஐ.வி.எஃப். வரை போகவேண்டியிருக்கிறதா, முன்படியிலேயே முயலலாமா என்று டாக்டரே மறுபடி யோசிப்பார். குறை இருந்தால் அது எதனால் என்று பார்த்து, சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்துகொண்டு போகலாம். உங்களுக்கு 33 வயது. மூன்று மாதம் காத்திருப்பதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. மூன்று வருஷம் காத்திருந்தால் கெட்டுப்போகும்.

அவர் வரமாட்டேன் என்றால் இந்தப் பக்கத்தை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். லாத்ரோப் ஆட்களின் கதையை அவரே படிக்கட்டும். நாலு வருஷத்துக்கு முந்திய அந்தச் சீட்டு இன்னும் வீட்டில் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். டெஸ்ட் எடுத்த தேதியையும் காய்ச்சல் வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்கு வேலை சுலபம்.